எத்தீமின் பொருளும் ஊரின் பங்கும்

லாரி மோதித் தந்தையை இழந்த சிறுவன் ஒருவனை நினைத்துப் பார்ப்போம். லாரியின் உரிமையாளர், அச்சிறுவனின் வளர்ப்புக்கும் படிப்புக்கும் என்று ஒரு தொகையைக் கொடுக்கிறார். அதைப் பெற்று வைத்திருப்பவர் சிறுவனின் சிறிய தந்தையார். அவர் தீயவர் அல்லர். அண்ணன் மருத்துவமனையில் உயிருக்குப் போராடிய நாட்களில் தம் கைப்பொருளையெல்லாம் இழைத்துப் பார்த்தவர். அதனால் கடன்பட்டும் இருக்கிறார். ஒரு நாள் கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கிறார். அவ்வேளையில் சிறிய தந்தையாரின் உள்ளம் மெல்லக் கேட்கிறது: ‘இந்தக் கடனும் அந்த விபத்தால் வந்ததுதானே? விபத்துக்கென்று வந்த பணத்தில் இதைத் தீர்த்தால் என்ன?’

எத்தீமின் பொருளைப் பற்றி நம் இல்லங்களில் வழிவழியாக ஓர் அச்சம் உண்டு. ஆதலால் இதற்கு விடை கூறுவது எளிது என்றே நமக்குத் தோன்றும். ஆனால் அந்தச் சிறிய தந்தையாரின் இடத்தில் ஒரு மனிதரை வையாமல் ஒரு நகராட்சியை வைத்துப் பார்த்தால் விடை அவ்வளவு எளிதாக இல்லை. அமெரிக்க நாட்டின் நகரங்களும் கவுண்டிகளும் இன்று அந்த இடத்தில்தான் நிற்கின்றன. (கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்றதோர் ஆட்சிப் பிரிவு, ஆனால் மக்கள் தொகையில் பெரும்பாலும் மிகச் சிறியது.) அபினி வகை மருந்துகளால் மாண்டவர்களின் பெயரால் அவற்றின் கைக்குப் பெரும்பணம் வந்திருக்கிறது. அப்பணம் யாருக்கு உரியது? அதை எவ்வாறு பங்கிடுவது? இவை கணக்கர்களின் கேள்விகள் மட்டும் அல்ல. அறத்தின் கேள்விகளும் ஆகும்.

பணம் வந்த வழி

இத்துயரின் வரலாற்றில் ஒரு சிறு கடிதத்துக்கு இடம் உண்டு. 1980ஆம் ஆண்டு, நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு பத்தி அளவே உள்ள கடிதம் ஒன்று வெளியாயிற்று. மருத்துவமனையில் தங்கி அபினி வகை மருந்து பெற்ற 11,882 நோயாளிகளில் நால்வர் மட்டுமே அதற்கு அடிமையானதாகப் பதிவாகியுள்ளது என்று அது கூறியது. மருத்துவமனைக்குள், மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கப்பட்ட மருந்தைப் பற்றிய செய்தி அது. வீட்டுக்கு எடுத்துச் சென்று மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரையைப் பற்றி அக்கடிதம் ஒன்றும் கூறவில்லை. ஆயினும் ‘இம்மருந்துக்கு அடிமையாவோர் அரிது’ என்பதற்குச் சான்றாக அது மீண்டும் மீண்டும் எடுத்தாளப்பட்டது. 2017இல் ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது, 608 இடங்களில் அக்கடிதம் மேற்கோளாகக் காட்டப்பட்டிருந்தது.

1996இல் பர்டியூ நிறுவனத்தின் ஆக்சிகான்டின் என்னும் மாத்திரை விற்பனைக்கு வந்தது. அதன் அடிமைப்படுத்தும் தன்மையைக் குறைத்துக் காட்டி மருத்துவர்களைத் தவறான வழியில் நடத்தியதாக அக்குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் 2007இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஏறத்தாழ 60 கோடி டாலர் செலுத்தவும் இசைந்தது. ஆயினும் மாத்திரைகளின் வெள்ளம் வடியவில்லை. நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்து முதுகொடிந்த மக்கள் மிகுந்த மேற்கு வர்ஜீனியா மாநிலத்துக்குள், ஆறே ஆண்டுகளில் 78 கோடி வலி மாத்திரைகள் வந்து குவிந்ததை அம்மாநிலச் செய்தித்தாள் ஒன்று வெளிப்படுத்தியது. அதை எழுதிய எரிக் ஐர் என்னும் செய்தியாளருக்கு 2017இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. கெர்மிட் என்பது ஏறத்தாழ 400 பேர் வாழும் சிற்றூர். அவ்வூரின் மருந்துக்கடை ஒன்றுக்கு இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 90 இலட்சம் மாத்திரைகள் அனுப்பப்பட்டன. அனுப்பியவர்கள் ஊரின் தலைகளை எண்ணிப் பார்க்கவில்லை போலும்!

மாத்திரை கிடைப்பது அரிதானபோது பலர் ஹெராயினை நாடினர். ஹெராயினைத் தொடர்ந்து, அதனினும் பன்மடங்கு கொடிய ஃபென்டனில் வந்தது. 1999 முதல் 2023 வரை அபினி வகைப் பொருள்களை மிகையாக உட்கொண்டு அந்நாட்டில் மாண்டோர் எட்டு இலட்சம் அளவினர். தாயற்ற பிள்ளைகளும், பிள்ளையற்ற தாய்மாரும் இக்கணக்கில் சேரவில்லை.

ஊர்கள் வழக்காடின. 2021இல் அறிவிக்கப்பட்டு 2022இல் உறுதியான பெரிய உடன்பாட்டின்படி, மூன்று மொத்த விநியோக நிறுவனங்கள் 18 ஆண்டுகளில் 2,100 கோடி டாலர் வரையிலும், ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் 500 கோடி டாலர் வரையிலும் கொடுக்க இசைந்தன. குற்றம் புரிந்ததாக அவை ஒப்புக்கொள்ளவில்லை; பணம் கொடுக்க மட்டுமே ஒப்புக்கொண்டன. அப்பணத்தில் குறைந்தது 85 விழுக்காடு இத்துயரைத் தணிப்பதற்கே செலவாக வேண்டும் என்பது நிபந்தனை.

இந்நிபந்தனை பட்டறிவால் எழுந்தது. 1998இல் புகையிலை நிறுவனங்கள் 46 மாநிலங்களோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 25 ஆண்டுகளில் 20,600 கோடி டாலர் கிடைக்கும் என்று மதிப்பிடப்பட்டது. ஆனால் புகைப்பழக்கத்தைத் தடுக்கவும் விடுவிக்கவும் மாநிலங்கள் செலவிட்டது அதில் மிகச் சிறு பங்கே. எஞ்சியது வரவு செலவுத் திட்டங்களின் ஓட்டைகளை அடைக்கப் போயிற்று. புகையால் நுரையீரல் கெட்டவனின் பெயரால் வந்த பணம் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பழைய செலவா, வரும் உயிரா?

இனி நம் சிறிய தந்தையாரின் வினாவுக்கு வருவோம். டென்னசி மாநிலத்தின் கிரீன் கவுண்டி, தனக்கு வந்த இழப்பீட்டின் பெரும்பகுதியைப் பழைய கடனைத் தீர்ப்பதற்கு ஒதுக்கிய செய்தி 2023இல் வெளியாயிற்று. அதன் நிர்வாகிகள் கூறிய காரணத்தை நாம் எள்ளிநகையாடுதல் ஆகாது. இத்தனை ஆண்டுகளாகச் சிறைக்கும், நீதிமன்றத்துக்கும், ஆம்புலன்ஸுக்கும், பெற்றோர் கைவிட்ட பிள்ளைகளைக் காப்பதற்கும் ஊரார் தம் வரிப்பணத்தைச் செலவிட்டிருக்கிறார்கள். அந்தச் செலவும் ஓர் இழப்புத்தானே? இழப்புக்கு ஈடு கேட்பது குற்றமா? சட்டமும் அதை முற்றிலும் தடுக்கவில்லை.

இவ்வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆயினும் ஒன்றை அது மறந்துவிடுகிறது. ஊர் செலவிட்டது பணம். அப்பணம் தாமதமாகத் திரும்பி வந்தாலும் பணமாகவே இருக்கும். இன்று இரவு ஒருவன் மூச்சுத் திணறி விழப்போகிறான்; அவனுக்குத் தாமதமாக வரும் உதவி உதவியே அன்று. கடன்காரர் அடுத்த ஆண்டு வரை காத்திருக்கலாம். மூச்சு காத்திராது. இரண்டு உரிமைகள் மோதும்போது, காத்திருக்க இயலாதவனின் உரிமையே முன்னிற்க வேண்டும் என்பதுதான் அறத்தின் துணிபு.

அன்றியும், மூச்சை மீட்கும் வழி இன்று அறியாத ஒன்றன்று. நலோக்சோன் என்னும் மருந்தை மூக்கில் பீய்ச்சினால், சில நிமிடங்களில் மூச்சு திரும்புகிறது. 2023 முதல் அமெரிக்காவில் மருத்துவர் சீட்டு இன்றியே அதை வாங்கலாம். மெதடோன், புப்ரெனார்ஃபின் ஆகிய மருந்துகளைத் தொடர்ந்து பெறுவோரிடையே சாவு வெகுவாகக் குறைவதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. வழி அறியாத காலத்தில் பணத்தைப் பெட்டியில் வைத்திருந்தால் அதை மன்னிக்கலாம். வழி அறிந்த பின்னும் பூட்டி வைப்பதற்கு வேறு பெயர் சொல்ல வேண்டும்.

எந்த அளவுகோலால் பங்கிடுவது?

அடுத்து எழுவது பங்கீட்டுச் சிக்கல். தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டால் துயரற்ற ஊருக்கும் துயருற்ற ஊருக்கும் ஒரே அளவு கிட்டும். அது நேர்மை போலத் தோன்றினும் நேர்மை அன்று. ஆகவே நாடு தழுவிய வழக்கில் மூன்று அளவுகோல்கள் வகுக்கப்பட்டன: ஒரு கவுண்டிக்கு அனுப்பப்பட்ட மருந்தின் அளவு, அங்கே அடிமைப்பட்டோரின் எண்ணிக்கை, மிகை மருந்தால் மாண்டோரின் எண்ணிக்கை. மூன்றுக்கும் சம மதிப்பு.

நல்ல அளவுகோல்கள்தாம், எனினும் கூர்ந்து நோக்கின் குறைகள் தென்படும். கெர்மிட்டுக்கு வந்த 90 இலட்சம் மாத்திரைகளை அவ்வூரின் 400 பேரா விழுங்கினர்? சுற்றுப்புறக் கவுண்டிகளிலிருந்து மக்கள் வண்டியேறி வந்து வாங்கிச் சென்றனர். மாத்திரை இறங்கிய ஊர் ஒன்று. பிணம் விழுந்த ஊர் வேறு. இன்னொன்றும் உண்டு. தன் வரிப்பணத்தைக் கொண்டு முன்கூட்டியே மருந்தும் மருத்துவமும் அளித்துச் சாவுகளைத் தடுத்த ஊரில் பிணங்களின் எண்ணிக்கை குறைவாக இருக்கும். ஆகவே அதன் பங்கும் குறையும். காப்பாற்றியதற்குத் தண்டனையா என்று அவ்வூரார் கேட்டால், நாம் என்ன விடை கூறுவோம்?

இதனினும் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 351 நகரங்களும் ஊர்களும் உள்ளன. அங்கே இழப்பீட்டில் 60 விழுக்காடு மாநிலப் பொதுநிதிக்கும், 40 விழுக்காடு ஊர்களுக்கும் என்று வகுத்தனர். 40 விழுக்காட்டை இத்தனை ஊர்களுக்குப் பிரித்தால், சிற்றூர் ஒன்றுக்கு ஆண்டில் சில ஆயிரம் டாலரே கிட்டும். அதைக் கொண்டு ஒரு மருத்துவரை ஒரு மாதத்துக்குக்கூட அமர்த்த இயலாது. பத்து ஊர்கள் தம் பங்கைச் சேர்த்தால் ஒரு செவிலியரை, ஒரு வாகனத்தை, வழிகாட்டும் பணியாளர் ஒருவரை நிலையாக வைத்துக்கொள்ளலாம். சில ஊர்கள் இவ்வாறே சேர்ந்தும் இருக்கின்றன.

மேற்கு வர்ஜீனியாவில் மாநிலமும் ஊர்களும் கூடி, 72.5 விழுக்காட்டை ஓர் அறக்கட்டளையின் பொதுநிதியில் சேர்ப்பது என்றும், 24.5 விழுக்காட்டை ஊர்களுக்கும் கவுண்டிகளுக்கும் நேரே கொடுப்பது என்றும் உடன்பட்டன. அறக்கட்டளை மாநிலத்தை ஆறு வட்டாரங்களாகப் பிரித்து மானியம் வழங்குகிறது. வட கரோலினா வேறு வழியில் சென்றது: 15 விழுக்காடு மட்டுமே மாநிலத்துக்கு, எஞ்சிய 85 விழுக்காடும் உள்ளாட்சிகளுக்கு. கவுண்டிகள் விரும்பினால் ஒன்றோடொன்று சேர்ந்து செலவிடலாம்.

இவற்றுள் எது சரி? பொதுநிதியை விரும்புவோர், ‘சிதறிய துளிகள் தாகம் தீர்க்கா’ என்பர். நேரடிப் பங்கை விரும்புவோர், ‘தலைநகரில் அமர்ந்திருப்போருக்கு எங்கள் தெருவில் யார் விழுந்து கிடக்கிறான் என்பது தெரியாது’ என்பர். இரு திறத்தாரும் உண்மையே பேசுகின்றனர். இதைத் தீர்க்கும் விழுக்காடு ஒன்று எங்கோ மறைந்திருக்கிறது என்று நாம் கருதவில்லை. பங்கு என்னும் சொல்லைப் பற்றிய நம் எண்ணம்தான் முதலில் மாற வேண்டும்.

ஹன்டிங்டன் கற்ற பாடம்

இதை விளக்க ஓர் ஊரின் கதை போதும். ஹன்டிங்டன் என்பது மேற்கு வர்ஜீனியாவில், ஒஹையோ ஆற்றங்கரையில், கேபெல் கவுண்டியில் உள்ள நகரம். ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த மக்கள் வாழும் ஊர். 2016 ஆகஸ்ட் 15ஆம் நாள் பிற்பகலில், சில மணி நேரத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்டோர் அங்கே மிகை மருந்தால் மயங்கி வீழ்ந்தனர். ஆம்புலன்ஸ்கள் தெருத்தெருவாக ஓடின. நலோக்சோன் கொடுத்துப் பெரும்பாலோர் மீட்கப்பட்டனர். அன்று பணியாற்றியோர் ஒவ்வொருவரும் தம் கடமையைச் செம்மையாகச் செய்தனர் என்பதில் ஐயமில்லை.

ஆனால் பின்னர் ஆராய்ந்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. மீட்கப்பட்டவர்களில் எவரும் அடிமைத்தனத்துக்கான சிகிச்சைக்கு வழிப்படுத்தப்படவில்லை. உயிர் திரும்பியது, கண் விழித்தனர், எந்த இருளிலிருந்து வந்தனரோ அந்த இருளுக்கே நடந்து சென்றனர். ஆம்புலன்ஸ் கவுண்டியுடையது. காவலர் நகரத்தவர். மருத்துவமனை வேறொரு நிர்வாகத்தின் கீழ் உள்ளது. ஒவ்வொருவரின் எல்லையும் எங்கே முடிகிறது என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. அந்த எல்லைகளுக்கு இடையேயிருந்த வெற்றிடத்தில்தான் மனிதன் விழுந்தான்.

அவ்வூர் அப்பாடத்தைக் கற்றது. 2017இன் இறுதியில் நகரமும், கவுண்டியின் ஆம்புலன்ஸ் துறையும், சுகாதாரத் துறையும், மார்ஷல் பல்கலைக்கழகமும் பிறரும் கைகோத்து, நடுவண் அரசின் மானியத்தைப் பொதுவில் கொண்டு ஒரு குழுவை அமைத்தனர். அவசர மருத்துவப் பணியாளர், மனநல ஆலோசகர், காவலர், சமயப் பணியாளர் ஆகியோர் அக்குழுவினர். மிகை மருந்தால் மயங்கிப் பிழைத்தவரின் வீட்டுக்கு மூன்று நாட்களுக்குள் அவர்கள் சென்று கதவைத் தட்டுவர். கைது செய்ய அல்ல. ‘சிகிச்சைக்கு வர விருப்பமா?’ என்று கேட்க. மறுத்தால் மீண்டும் வருவர். மறு ஆண்டில் அக்கவுண்டியின் மிகை மருந்து நிகழ்வுகள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தன. இக்குழு ஒன்றே அதற்குக் காரணம் என்று கூறுதல் மிகை. பல முயற்சிகள் ஒருங்கே நடந்தன. ஆயினும் எல்லைகளுக்கு இடையே விழுந்தவனை எடுக்க ஆள் வந்தது என்பது மெய்.

அந்தக் குழுவில் யாருடைய பங்கு எவ்வளவு என்று யார் கேட்கக்கூடும்? நோயாளியின் பாதி நகரத்துக்கும் பாதி கவுண்டிக்கும் உரியதா? பகிர்ந்துகொள்ளப்பட்டது பணம் போலத் தோன்றுகிறது. உண்மையில் பகிரப்பட்டது சுமை. சொத்தைப் பங்கிடுவோர் ‘எனக்கு எவ்வளவு?’ என்று கேட்பர். சுமையைப் பங்கிடுவோர் ‘என்னால் எவ்வளவு தூக்க முடியும்?’ என்று கேட்பர். இழப்பீட்டுப் பணத்தைச் சொத்து என்று கருதும் வரை பங்குச் சண்டை ஓயாது. அதை அமானிதம் என்று கருதத் தொடங்கினால், பொதுநிதியா நேரடிப் பங்கா என்னும் வழக்கு, எவ்வழியில் அது உரியவனிடம் விரைந்து சேரும் என்னும் ஆலோசனையாக மாறிவிடும்.

கணக்கும் கண்ணீரும்

ஆனால் ‘எல்லாருக்கும் பொது’ என்று சொல்லப்படும் பணம் ஒருவர் கண்ணிலும் படாமல் மறைவது உலகியற்கை. ஆகவே கூட்டுநிதிக்கு இரண்டு காவல்கள் வேண்டும் என்பது நம் கருத்து.

முதலாவது திறந்த கணக்கு. வட கரோலினாவில், எந்தப் பணிக்கு எவ்வளவு என்று மக்கள் பிரதிநிதிகள் தீர்மானம் நிறைவேற்றிய பின்னரே கவுண்டிகள் அப்பணத்தைச் செலவிடலாம்; ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் எல்லைக்குட்பட்ட ஊர்களை அழைத்துப் பொதுக்கூட்டம் நடத்தவும் வேண்டும். ஒஹையோவில் 55 விழுக்காட்டுப் பணம் ஒரு தனியார் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டபோது, அதன் ஆவணங்களைக் கேட்டுப் போதையால் விளையும் தீங்கைக் குறைக்கப் பாடுபடும் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. பொதுப்பணியையே செய்யும் அந்த அறக்கட்டளை ஆவணங்களைக் காட்டியாக வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. பெட்டியை மாற்றியதால் பணத்தின் தன்மை மாறிவிடுவதில்லை என்பதே அத்தீர்ப்பிலிருந்து நாம் பெறும் கருத்து.

இரண்டாவது காவல், துயருற்றோருக்குச் சபையில் ஓர் இருக்கை. விநியோக நிறுவனங்களின் பணம் அரசுகளுக்கே கொடுக்கப்பட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கைக்கு அதில் ஒரு காசும் நேரே வரவில்லை. பர்டியூ நிறுவனத்தின் உடன்பாட்டில் ஒரு சிறு பகுதி தனிமனிதருக்கென ஒதுக்கப்பட்டது. அதன் உரிமையாளரான சாக்லர் குடும்பத்துக்கு வழக்குகளிலிருந்து முழுப் பாதுகாப்பு அளித்த பழைய திட்டத்தை 2024இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தள்ளிவிட, 2025இல் 740 கோடி டாலருக்குப் புதிய உடன்பாடு உருவாயிற்று. ‘என் மகன் இறந்ததால் வந்த பணம், அதில் எனக்கு ஏன் பங்கில்லை?’ என்று அந்தத் தாய் கேட்டால் அது பேராசை ஆகாது. அவளுக்கு நாம் கூறக்கூடிய விடை ஒன்றுதான்: ‘அம்மா, இப்பணத்தால் இன்னொரு தாயின் மகன் பிழைக்கட்டும் என்று உன்னிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறோம்.’ அவ்விடையைக் கூறும் தகுதி, அப்பணத்தால் உண்மையிலேயே இன்னொரு மகனைப் பிழைக்க வைத்தவருக்கே உண்டு. கடனை அடைத்தவருக்கும் காவல் வண்டி வாங்கியவருக்கும் அவள் முன் நிற்க முகம் ஏது? ஆகலின் அவள் அச்சபையில் இருத்தல் வேண்டும். அவள் அங்கே அமர்ந்திருந்தால் பல தீர்மானங்கள் வேறு விதமாக எழுதப்படும்.

அந்நாட்டில் எல்லாவகைப் போதையின் மிகையாலும் 2022இல் 1,07,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024இல் அவ்வெண் ஏறத்தாழ 80,000 ஆகக் குறைந்தது. முயற்சி வீண்போகாது என்பதற்கு இது சான்று. ஆயினும் 80,000 வீடுகளில் அவ்வாண்டு மையித்து வைக்கப்பட்டது என்பதையும் நாம் மறத்தலாகாது. ‘குறைந்துவிட்டது, இனிப் பணத்தை வேறு வழியில் திருப்பலாம்’ என்று ஏதேனும் ஒரு மன்றத்தில் இன்று ஒருவர் எழுந்து பேசக்கூடும். நெருப்பு பாதி அணைந்ததும் தண்ணீர்க் குடத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்பவரை நாம் அறிவோம்.

நம் சிறிய தந்தையார் இன்னும் வாசலில் நிற்கிறார். அவருக்கு நாம் கூறுவது இதுவே. அண்ணனுக்காக நீங்கள் செலவிட்டது அன்பால் செய்தது. அதன் கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. கடன்காரரிடம் தவணை கேளுங்கள், கொடுப்பார். உள்ளே ஒரு சிறுவன் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறான். அவனுடைய இந்த ஆண்டுப் படிப்பு தவறினால், அதை எவரும் தவணையில் திருப்பிக் கொடுக்க இயலாது.